அண்ணனுக்கு இன்னும் படுக்கை நனைகிறது. பாப்பாவுக்கு டயப்பரை எப்போது கழற்றுவது?

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் காலை. பெரியவனின் பெட்ஷீட்டை மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். ஹாலில் சின்னவள் டயப்பரைத் தானே பிய்த்துக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். "உச்சா" என்று தரையைக் காட்டினாள். தரை காய்ந்திருந்தது. வரப்போவதை முன்கூட்டியே சொல்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு வயது மூன்று மாதம் அவளுக்கு. எந்த வீட்டிலும் சந்தோஷப்பட வேண்டிய சமாச்சாரம். பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவன் அதைப் பார்த்துவிட்டு, பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே உள்ளறைக்குப் போய்விட்டான். அவனுக்கு ஏழரை வயது. அன்று காலையும் அவன் படுக்கை நனைந்திருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. "பெரியவனுக்குச் சரியாகட்டுங்க, அப்புறம் இவளைப் பார்க்கலாம்" என்றாள் மனைவி. "ரெண்டு பேரையும் சேர்த்தே பழக்கிடுடா, ஒரே அலைச்சலா போகும்" என்றார் அம்மா. எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. வேறு வழியும் தெரியவில்லை. இந்த ஐந்து மாதத்தில் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்தோம். கடைசியில் மூன்றாவதாக ஒரு வழிக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் எது நடந்தது, எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

வெளியே சொல்லத் தயங்கும் விஷயம் என்பதால் நம் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறோம். ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் படுக்கையில் சிறுநீர் கழிக்கிறார்கள். ஏழு வயதிலும் பத்துப் பேர் வரை இருக்கிறார்கள். அப்படியென்றால் நாற்பது பேர் உட்காரும் இரண்டாம் வகுப்பு அறையில் மூன்று நான்கு பிள்ளைகள் காலையில் ஈர உடையோடு எழுந்து வந்தவர்கள். அவர்களில் பலருக்குத் தம்பியோ தங்கையோ இருக்கும்.

பெரியவனுக்கு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த வழி சரி என்பது அதைப் பொறுத்துத்தான் மாறும். ராத்திரி படுக்கை நனைவது ஒன்று. பகலில் ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக மலம் பட்டுவிடுவது இன்னொன்று. இந்த இரண்டாவதை நாங்கள் ரொம்ப நாள் தப்பாகவே புரிந்துகொண்டிருந்தோம். விளையாட்டு மும்முரம், சோம்பல் என்று நினைத்தோம். நான் அதட்டியிருக்கிறேன். ஒருமுறை ஜட்டியை அவனையே துவைக்கச் சொல்லிக் குழாயடியில் நிறுத்திவைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

டாக்டர் அவன் அடிவயிற்றை இடது பக்கமாக அமுக்கிப் பார்த்துவிட்டு, என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். சேப்பங்கிழங்கு மாதிரி கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. "இதெல்லாம் வெளியே வராம தேங்கினது" என்றார். யூகேஜி படிக்கும்போது பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் அடக்க ஆரம்பித்திருக்கிறான். அடக்க அடக்க மலம் இறுகுகிறது. இறுகினது வெளியே வரும்போது வலிக்கிறது. வலிக்குப் பயந்து இன்னும் அடக்குகிறான். நாளாக நாளாக மலக்குடல் விரிந்து, நிரம்பியிருக்கிறது என்கிற உணர்வே மழுங்கிவிடுகிறது. அப்புறம் அந்தக் கட்டியைச் சுற்றிக்கொண்டு இளகின மலம் தானாகவே கசிகிறது. பிள்ளைக்கு அது வருவதே தெரியாது. எப்போதும் கூடவே இருப்பதால் நாற்றம்கூட அவன் மூக்குக்குப் பழகிப்போய்விடுகிறது. நிரம்பிய குடல் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை நெருக்குவதால் படுக்கை நனைவதும் கூடுகிறது. அதனால்தான் முதலில் மலச்சிக்கலுக்கு வைத்தியம், படுக்கைக்கு அதற்கப்புறம் என்றார். பாலிஎதிலீன் கிளைக்கால் என்கிற மலமிளக்கிப் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறோம். தேங்கினது வெளியேறும் வரை சில நாட்கள் அதிக அளவு, பிறகு குறைந்த அளவில் மாதக்கணக்கில். ஜட்டி நாலு நாள் சுத்தமாக இருந்தது என்று நாமாக நிறுத்திவிட்டால் பழையபடி ஆகிவிடும்.

இதைக் கேட்டு வெளியே வந்து எழும்பூர் நிலையத்தில் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பெரியவனுக்கு நடப்பது வைத்தியம். சின்னவளுக்கு நடக்கப்போவது பழக்கம். ஒன்று உடம்பு ஆறுகிற வேகத்தில் போகும், இன்னொன்று குழந்தை கற்றுக்கொள்கிற வேகத்தில் போகும். நாங்கள் வீட்டில் இரண்டையும் ஒரே பெயரில், "டாய்லெட் பிரச்சினை" என்று பேசிக்கொண்டிருந்தோம்.

சரி, முதல் வழி: காத்திருப்பது. மனைவி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தங்கை ஜட்டிக்கு மாறி, அண்ணன் இன்னும் ரப்பர் ஷீட்டில் படுத்தால் அவன் மனசு என்ன பாடுபடும்? வீட்டில் துவைக்கிற துணியின் கணக்கும் இருக்கிறது. தினம் ஒரு பெட்ஷீட், ஒரு போர்வை, நாலு ஜட்டி என்று ஏற்கெனவே ஓடுகிற வீட்டில் சின்னவளின் பத்து ஜட்டியும் சேர்ந்தால் மெஷினும் தாங்காது, மனுஷியும் தாங்க மாட்டாள்.

ஆனால் எது வரைக்கும் காத்திருப்பது என்று கேட்டால் பதில் கிடையாது. வைத்தியம் எதுவும் இல்லாமல் விட்டால் படுக்கை நனைக்கும் பிள்ளைகளில் வருஷத்துக்குச் சுமார் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத்தான் தானாக நிற்கிறது. வைத்தியத்தோடும் பல மாதம் ஆகும். அதற்குள் சின்னவளுக்கு மூன்று தாண்டிவிடும். பெரும்பாலான குழந்தைகள் பதினெட்டு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் எப்போதாவது தயார் ஆகிறார்கள். ஒன்றரை இரண்டு மணி நேரம் நனையாமல் இருப்பது, ஈரம் பட்டால் முகம் சுளிப்பது, ஜட்டியைத் தானே கீழே இறக்குவது, "போய் அந்த டம்ளரை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வருவது, இதெல்லாம்தான் அடையாளம். சின்னவளிடம் நான்கும் இருந்தன. கேட்கிற குழந்தைக்கு "அதிலேயே போ" என்று திரும்பத் திரும்ப டயப்பரை மாட்டினால், கொஞ்ச நாளில் அவள் கேட்பதையே விட்டுவிடுவாள். அதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. ஒரு நாளைக்கு நாலு டயப்பர், மாதம் 1,400 ரூபாய் என்கிற செலவு அதற்குப் பிறகுதான்.

கணக்கு வைத்துக் காத்திருப்பது வேறு. மே மாதம் நாங்கள் அதைச் செய்தோம். பெரியவனுக்குத் தேங்கினதை வெளியேற்றும் வாரம் அது. ஒரு நாளைக்கு ஆறேழு முறை ஓடினான். எங்கள் வில்லிவாக்கம் வீட்டில் இருப்பது ஒரே கழிப்பறை. அந்த வாரத்தில் சின்னவளுக்கு எதையும் தொடங்கவில்லை, அது சரியான முடிவு. பெரியவனுக்கு ஆபரேஷன், வீடு மாறுவது, புதுக் குழந்தை பிறப்பது என்று முடிகிற தேதி தெரிந்த காரணம் இருந்தால் மூன்று நான்கு வாரம் தள்ளிப்போடலாம். "அவனுக்கு நல்லாகட்டும்" என்பது தேதி இல்லாத காரணம்.

இரண்டாவது வழி அம்மாவுடையது: இரண்டு பேரையும் ஒன்றாகப் பழக்குவது. மே கடைசியில் இதைத்தான் ஆரம்பித்தோம். பள்ளி விடுமுறை, இருவரும் வீட்டில், எனக்கு இரண்டாவது ஷிப்ட் என்பதால் மதியம் வரை நானும் வீட்டில். ஸ்டேஷனரி கடையில் நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கி, ஒரு சார்ட் அட்டையில் கோடு போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மேல் வரிசை அண்ணன், கீழ் வரிசை பாப்பா. டாய்லெட்டில் போனால் ஒரு நட்சத்திரம், ஜட்டி சுத்தமாக இருந்தால் ஒன்று, படுக்கை நனையாவிட்டால் ஒன்று.

ஒன்பதாம் நாள் காலையில் கீழ் வரிசையில் 22 நட்சத்திரம், மேல் வரிசையில் 5. சின்னவளுக்கு எண்ணத் தெரியாது. ஆனால் மேலே காலியாக இருப்பது தெரிந்திருக்கிறது. தன் வரிசையிலிருந்து ஒன்றை நகத்தால் உரித்து எடுத்து, எம்பி, அண்ணன் வரிசையில் ஒட்டினாள். அவன் அதை மெதுவாகப் பிரித்துத் திரும்ப அவள் வரிசையில் வைத்து, ஓரம் தூக்காமல் கட்டைவிரலால் அழுத்தினான். "இது என்னோடது இல்ல பாப்பா" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அன்றைக்கே சார்ட்டைக் கழற்றிவிட்டேன்.

தப்பு நட்சத்திரத்தில் இல்லை, எதற்குக் கொடுத்தோம் என்பதில் இருந்தது. தூங்கும்போது நனைவதும், உணர்வில்லாமல் கசிவதும் அவன் கையில் இல்லாதவை. கையில் இல்லாததற்குப் பரிசு வைத்தால், கிடைக்காத ஒவ்வொரு நாளும் அது தண்டனைதான். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அவனால் செய்ய முடிந்ததற்குக் கொடுக்கலாம்: சாப்பிட்டபின் பத்து நிமிஷம் உட்கார்ந்தான், பொடியைக் குடித்தான், பள்ளியில் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தான். அதுவும் தங்கையின் வரிசைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

சேர்த்துப் பழக்கும் வழியில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. சாப்பிட்டதும் குடல் அசைய ஆரம்பிக்கும். அந்த இருபது முப்பது நிமிஷத்துக்குள் உட்கார்ந்தால் மலம் சுலபமாக வரும். இது இருவருக்கும் பொது, பெரியவர்களுக்கும் பொது. அதனால் "இட்லி சாப்பிட்டாச்சா, கொஞ்சம் உட்கார்ந்துட்டு வா" என்பதை வீட்டு வழக்கமாகவே வைத்துக்கொண்டோம். அதே மாதிரி கால் விஷயம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் பிள்ளைகளின் கால் அந்தரத்தில் தொங்கும், முக்குவதற்குப் பிடிமானம் இருக்காது. அம்மா பரணிலிருந்து பழைய மணையை எடுத்துக் கழுவிக் கொடுத்தார். அதன் மேல் கால் வைத்தால் முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்ந்து, குந்தி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. இந்தியன் டாய்லெட் இருக்கும் வீட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

மூன்றாவது வழியில்தான் இப்போது இருக்கிறோம்: சின்னவளுக்குத் தனியாக, பெரியவன் பள்ளியில் இருக்கும் நேரத்தில், சத்தம் இல்லாமல். ஜூனில் பள்ளி திறந்து அவனுக்கு ஒரு ஒழுங்கு வந்தபின், மூன்றாவது வாரத்தில் தொடங்கினோம். 8.10-க்கு வேன் வரும். அதன் பின் மனைவி வேலைக்குக் கிளம்புவாள். 8.45-க்கு சின்னவளின் டயப்பர் கழற்றப்படும். மதியம் ஒன்றரைக்கு நான் கிளம்பும் வரை ஜட்டிதான். ஹாலில் கிடந்த ஜமக்காளத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

முதல் வாரம் ஒரு நாளைக்கு நாலைந்து முறை தரையில்தான் போனாள். குழந்தைகளின் சிறுநீர்ப்பைக்குத் தோராயமாக ஒரு கணக்கு இருக்கிறது. வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் அத்தனை மில்லி. இரண்டு வயதுக் குழந்தைக்கு 90 மில்லி, காபி டம்ளரில் முக்கால். இதைத் தெரிந்துகொண்டபின், "இப்பதானே போனே, அதுக்குள்ளயா" என்று கேட்பதை நிறுத்தினேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு உட்காரவைப்பேன். வரவில்லை என்றால் இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடலாம். மூன்றாவது வாரம் தரையில் போவது ஒன்றிரண்டாகக் குறைந்தது. ஐந்தாவது வாரம் ஜட்டியோடு கீழே மளிகைக் கடை வரை போய் வந்தோம்.

பெரிய டாய்லெட்டைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. காலை 7.20-லிருந்து 7.35 வரை அது பெரியவனுக்கு மட்டும். யாரும் கதவைத் தட்டக் கூடாது, சின்னவள் உள்பட. அந்தப் பதினைந்து நிமிஷம் அவனுக்கு மருந்து மாதிரி. அவளுக்குக் குளியலறை ஓரத்தில் குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் டாய்லெட் ஒன்றை வைத்துவிட்டோம். ஒரே கழிப்பறை உள்ள வீட்டில் இது ஆடம்பரம் கிடையாது. காலையில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அவசரம் வந்தால், விட்டுக்கொடுக்கச் சொல்வது எப்போதும் பெரியவனிடம்தான். அவனோ அடக்குவதால்தான் இந்த நிலைக்கு வந்தவன்.

மதியத்துக்கு மேல் அம்மாவின் பொறுப்பு. அம்மா எங்களையெல்லாம் ஆறு மாதத்திலேயே இரண்டு காலையும் நீட்டி, பாதங்களின் மேல் உட்காரவைத்து, "ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்துப் பழக்கியவர். அவருக்கு என்னைவிடப் பொறுமை அதிகம். ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். "அம்மா, பெரியவன் வேன்ல இருந்து இறங்கினதும், பாப்பாவே டாய்லெட் போறா பாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க." அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "உன்னை உங்க அத்தை பொண்ணோட வெச்சு நான் அப்படித்தான்டா சொன்னேன்" என்றார். நானும் பத்து வயது வரை படுக்கையை நனைத்தவன். பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வருவதற்கு நூற்றுக்கு நாற்பது வரை வாய்ப்பு, இருவருக்கும் இருந்திருந்தால் எழுபதையும் தாண்டும் என்கிறார்கள். இதை அவனிடம் சொன்ன அன்று, "அப்புறம் எப்படிப்பா நின்னுச்சு?" என்று மூன்று தடவை கேட்டான். அப்பாக்கள் இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எந்த மருந்தையும்விட அவன் முகத்தை மாற்றியது இதுதான்.

இந்த வழியிலும் இடறினோம். இரண்டாவது வாரத்தில் சின்னவள் உச்சாவுக்குச் சொல்வாள், கக்கா வந்தால் மட்டும் திரைச்சீலைக்குப் பின்னால் போய், காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க விறைத்து நிற்பாள். பார்ப்பவர்களுக்கு முக்குகிற மாதிரி இருக்கும், உண்மையில் அடக்குகிறாள். பெரியவனின் கதை எப்படி ஆரம்பித்தது என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்ததால் பயந்துவிட்டேன். அன்றே கக்காவுக்கு மட்டும் டயப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பாலை ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குக் கீழே குறைத்து, கொய்யா, பப்பாளி, கீரை, தண்ணீர் என்று கூட்டினோம். மலம் இளகலாகி, பத்து நாள் வலியில்லாமல் போனபின்தான் மறுபடி உட்காரவைத்தோம். வெற்றிலைக் காம்பை எண்ணெயில் நனைத்து வைக்கலாம் என்று அம்மா சொன்னதை வேண்டாம் என்றுவிட்டேன். ஆசனவாய்ப் பக்கம் எதைக் கொண்டுபோனாலும் குழந்தைக்குப் பயம்தான் கூடும். அண்ணனுக்கு மலச்சிக்கல் இருக்கும் வீட்டில் சின்னக் குழந்தையை வற்புறுத்திப் பழக்கினால் இரண்டாவது நோயாளி உருவாகிவிடுவாள். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை.

இந்த வழியின் குறை என்னவென்றால் பகலில் ஒரு ஆள் வீட்டில் இருந்தாக வேண்டும். இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போய்விட்டு, பாட்டியும் இல்லாத வீட்டில் இது நடக்காது. அங்கே சனி ஞாயிறும் மாலையுமாகத்தான் செய்ய முடியும், அப்போது பெரிய பிள்ளையும் வீட்டில் இருக்கும். அவர்களுக்கு நான் சொல்வது, நேரத்தைப் பிரிக்க முடியாவிட்டாலும் இடத்தையும் பேச்சையும் பிரித்து வையுங்கள். சின்னது போனதும் கைதட்டல், வீடியோ, தாத்தாவுக்கு போன் எல்லாம் வேண்டாம். "சரி, கை கழுவிக்கலாம்" என்றால் போதும்.

வேறு சில வழிகளும் காதில் விழுந்தன. மூன்றே நாளில் டயப்பரை விடவைக்கும் முறை ஒன்று சொல்கிறார்கள். மூன்று நாளும் வீட்டைவிட்டு நகராமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரியவனுக்கு மருந்து, உட்காரும் நேரம் என்று கவனிக்க ஆள் வேண்டிய வீட்டில் அது அவன் பங்கு நேரத்தைத்தான் தின்னும். பிளே ஸ்கூலில் அவர்களே பழக்கிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். சில இடங்களில் நன்றாகவே செய்கிறார்கள்; பல இடங்களில் பழகிய குழந்தையைத்தான் கேட்கிறார்கள். விஜயதசமிக்குச் சேர்க்க நினைப்பவர்கள் அட்மிஷன் படிவம் வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. சின்னவளை மாமியார் வீட்டுக்கு, திண்டிவனத்துக்கு இரண்டு வாரம் அனுப்புவது பற்றியும் பேசினோம். அங்கே பழகி வந்தாலும் இங்கே வந்ததும் பழையபடி ஆவதற்கு வாய்ப்பு அதிகம் என்று விட்டுவிட்டோம்.

சென்னையில் மாதமும் ஒரு விஷயம்தான். மே மாதம் துணி ஒரு மணி நேரத்தில் காயும், குழந்தை வெறும் ஜட்டியோடு திரியலாம். ஆனால் தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் வீட்டில் கூடுதலாகப் பத்து துணி அலசுவது சிரமம், பெரிய பிள்ளையும் விடுமுறையில் வீட்டிலேயே இருக்கும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பெரியவனின் பெட்ஷீட்டே மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் கிடக்கும். ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரைதான் எங்களுக்கு வசதியாக இருந்தது. வெயிலும் இருக்கிறது, பள்ளியும் இருக்கிறது.

எல்லா வீட்டிலும் பெரிய பிள்ளையின் தொந்தரவு மலச்சிக்கல் மாதிரி ஆறக்கூடியதாக இருக்காது. முதுகுத்தண்டு பிறவியிலேயே சரியாக மூடாமல் பிறந்த பிள்ளைகளில் பலருக்குச் சிறுநீர்ப்பையின் நரம்புகள் சரியாக வேலை செய்யாது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னக் குழாய் விட்டுச் சிறுநீரை வெளியேற்றுவதுதான் அவர்களுக்கு வழக்கமான முறை. அங்கே காத்திருப்பது என்கிற பேச்சுக்கே இடமில்லை. சின்னதுக்கு அதன் நேரம் வந்ததும் தொடங்கிவிட வேண்டியதுதான். "உனக்கு இப்படி, தங்கச்சிக்கு அப்படி, ரெண்டுமே உச்சா போற வழிதான்" என்று பெரிய பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிடலாம். ஆட்டிசம் உள்ள அண்ணனுக்கோ அக்காவுக்கோ படம் போட்ட வரிசை அட்டை வைத்துப் பழக்குகிறவர்கள் உண்டு. அதே அட்டை சின்னதுக்கும் உதவும். அந்த ஒரு வீட்டில் சேர்த்துப் பழக்குவது நன்றாக வரலாம். முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. இந்த மாதிரிப் பயிற்சிகளைப் பற்றி அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

எந்த வழியை யோசிப்பதற்கும் முன்னால் பெரிய பிள்ளையை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். செலவுக்கு யோசிப்பவர்களுக்கு எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் நனையாமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைத்தால், சிறுநீர் போகும்போது எரிந்தால், காய்ச்சல் வந்தால், பகலிலும் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருந்தால், அளவுக்கு மீறித் தாகம் எடுத்து உடம்பு இளைத்தால், நடை மாறினால், கீழ்முதுகில் குழியோ முடிக்கற்றையோ இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். தாகமும் இளைப்பும் சர்க்கரை நோயாக இருக்கலாம்.

இப்போது செப்டம்பர். சின்னவள் பகலில் ஜட்டிதான். வெளியே போகும்போது ஒரு மாற்றுடை. பெரியவனின் ஜட்டி ஏழு வாரமாகச் சுத்தமாக இருக்கிறது, பொடி தொடர்கிறது. ஒரு நாள் அவள் உட்கார்ந்திருந்தபோது, நான் கேட்காமலே, சமையலறையில் கிடந்த மணையை எடுத்துப்போய் அவள் காலுக்கடியில் வைத்துவிட்டு வந்தான். அந்தப் பிளாஸ்டிக் டாய்லெட்டுக்கு மணை தேவையே இல்லை. நானும் எடுக்கவில்லை.

ராத்திரி விஷயத்தில் இன்னும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி நனையாமல் இருப்பது பழக்கத்தால் வருவதில்லை. தூக்கத்தில் சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் ஹார்மோன், நிரம்பினால் விழிப்பு வருவது, இதெல்லாம் கூடிவர வேண்டும். அதனால் சின்னவளுக்கு ராத்திரி டயப்பரைக் கழற்றவில்லை, சில காலைகளில் அது காய்ந்தே இருந்தாலும். காய்ந்திருப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பெரியவனுக்கு டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஈரம் பட்டதும் அடிக்கும் அலாரம் ஒன்று. இரண்டு மூன்று மாதம் விடாமல் போட வேண்டும், பெரியவர்கள் யாராவது எழுந்து அவனை எழுப்ப வேண்டும், ஆனால் நின்றால் பெரும்பாலும் நின்றுவிடும். இன்னொன்று டெஸ்மோபிரசின் மாத்திரை. உடனே கேட்கும், நிறுத்தினால் பல பேருக்குத் திரும்ப வரும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து, போட்டபின் எட்டு மணி நேரம் வரை தண்ணீரைக் கட்டுப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் உப்பு குறைந்துவிடக்கூடும். நாலு பேரும் ஒரே அறையில் படுக்கும் வீட்டில் அலாரம் அடித்தால் முதலில் எழுவது சின்னவளாகத்தான் இருப்பாள். எழுந்து, "அண்ணா உச்சா" என்பாள். அதை அவன் ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்க வேண்டாம் என்று நினைக்கிறோம்.

அதனால் மழை முடியட்டும். ஜனவரியில் அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபின், அவனும் நானும் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுவோம். அலாரம் அங்கே. நடுவில் உறவினர் கல்யாணம், ஊர்ப்பயணம் என்று வந்தால் அந்த ஓரிரண்டு ராத்திரிக்கு மட்டும் மாத்திரை. அவனிடம் கேட்டோம். "ஹால்ல ஃபேன் வேகமா ஓடும்ல, அங்கேயே படுக்கலாம்" என்றான்.